அடைமுட்டைக்குள் ஒரு துடிப்பு

கருவளர்ச்சிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற சேலத்து ஆசிரியை, வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

டீச்சர், அடை வைத்த முட்டையை நாலாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பாகச் சிலந்தி மாதிரி ஒன்று, நடுவில் புள்ளி துடிக்கிறது. அதற்குள் இதயமா? (ஏற்காடு)

இதயமேதான் கண்ணு. கோழிக்கருவில் இரண்டாம் நாளே துடிப்பு தொடங்கிவிடும். மனிதக் கருவில் சுமார் 22 நாளாகும். சிலந்திக்கால்கள் மஞ்சள்கருவில் பரவிய ரத்தக்குழாய்கள். முதலில் கருவின் நடு அடுக்கில், பின்னால் இதயமாகப்போகும் முன்னோடி செல்கள் பிறை வடிவில் கூடும். பிறையின் இரண்டு கைகளும் நடுவில் சேர்ந்து ஒரு குழாயாகும். நாலு அறையெல்லாம் பிறகுதான். ஆனால் குழாயாக இருக்கும்போதே வேலைக்கு வந்துவிடும்! கடையில் வாங்கும் நாமக்கல் முட்டையில் தேடாதே, அது சேவல் சேராதது.

ஒரே கூட்டம் செல்கள்தான் முழு இதயத்தையும் கட்டுகின்றனவா? (ஆத்தூர்)

இல்லை. முதல் கூட்டம் பெரும்பாலும் இடது கீழறைக்கு. பின்னால் காத்திருக்கும் இரண்டாம் கூட்டம் வலது கீழறையையும் ரத்தம் வெளியேறும் வாயையும் தரும். இது தெளிவானது 2001-இல்தான். நான் படித்த காலத்துப் புத்தகங்களில் கிடையாது.

நுரையீரலும் இவற்றிலிருந்துதானா? (சேலம், அம்மாப்பேட்டை)

பாதி ஆம், பாதி இல்லை. நுரையீரலின் உள்பூச்சு முன்குடலிலிருந்து (கருவின் உணவுப்பாதையின் முன்பகுதி), மனிதக் கருவில் நாலாம் வாரத்தில் மொட்டு விட்டு வருவது. அதாவது உணவுக்குழாய்க்கு உடன்பிறப்பு. ஆனால் நுரையீரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள்? 2013-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருவில் தடம் பிடித்துக் காட்டினார்கள்: இதயத்தின் பின்வாசலில் ஒரு முன்னோடிக் கூட்டம் இருக்கிறது. அதே கூட்டத்தின் வாரிசுகள் இதயத்துக்கு ரத்தம் வந்து சேரும் பகுதிக்கும் போகின்றன, நுரையீரல் ரத்தக்குழாய்களின் தசைக்கும் போகின்றன. அவற்றை வழிநடத்தும் ஒரு சமிக்ஞை, முன்குடல் அனுப்பும் ஹெட்ஜ்ஹாக் புரதம். (முள்ளெலி என்று பொருள். பழ ஈயின் புழு முள்முள்ளாக இருந்ததால் வந்த பெயர்.)

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. நுரையீரல் மொட்டே வராமல் தடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அதன் ரத்தக்குழாய்கள் உருவாகின. வீடு எழும்பாத மனையில் தண்ணீர்க் குழாய் மட்டும் வந்து நிற்கிற மாதிரி.

ஏற்காட்டுக்காரரேதான் மறுபடியும். ஒரு முட்டையை உடைத்துப் பார்க்கட்டுமா டீச்சர்?

வேண்டாம் சாமி. பார்த்தது போதும், குளிரில் வெளியே வைத்துக்கொண்டு நிற்காமல் கோழிக்கு அடியிலேயே தள்ளிவிடு. 21-ஆம் நாள் அதுவே உடைத்துக்கொண்டு வரும்.