பதற்றம் நடத்தும் குடித்தனம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கருங்கல் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். நாகர்கோவிலில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாகவே, வீட்டை விட்டு இறங்கினால் கேஸ் சிலிண்டரை அடைத்தேனா என்ற சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிவிடுகிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு படபடக்கிறது, எடுப்பதில்லை. நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனபோது இ.சி.ஜி. சரியாக இருந்தது, கேஸ் டிரபிள் என்று அனுப்பிவிட்டார்கள். சென்ற ஆண்டு பதவி உயர்வு வந்தது. திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்ததால், அம்மாவைக் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். ஆனால் நான் வரப் பத்து நிமிடம் தாமதமானால் என் மனைவியை அழைத்துவிடுவார். “அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே வெப்ராளம்” என்கிறாள் மனைவி; பதற்றத்துக்கு எங்கள் ஊர்ச் சொல் அது. இப்போது எட்டு வயது மகள், தூங்கப் போகும்முன் பள்ளிப் பையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாள். இது குடும்ப இயல்பா, நோயா? சுனாமியும் ஒக்கிப் புயலும் கண்ட கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் எல்லாருக்குமே இப்படித்தானா? மருந்து சாப்பிட்டால் மூளை மழுங்கிவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் நீங்கள் செய்கிறவற்றைவிடச் செய்யாமல் விட்டவையே என் கண்ணில் முதலில் பட்டன. பதற்றம் என்றால் நாம் வியர்வையையும் படபடப்பையும் தூக்கமின்மையையும் பற்றியே பேசுகிறோம். அவை வந்து போகிறவை. ஒருவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார், யாருடைய கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறார், மகளை எவ்வளவு தொலைவில் உள்ள கல்லூரிக்கு அனுப்பத் துணிகிறார் என்பவற்றையெல்லாம் பதற்றம் ஓசையில்லாமல் முடிவு செய்துவிடுகிறது. அவரோ ஒவ்வொன்றுக்கும் மரியாதையான வேறொரு காரணம் வைத்திருக்கிறார். உங்கள் காரணம் உண்மையானதல்ல என்று நீங்களே எழுதியிருப்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாக என்னால் பதில் எழுத முடிகிறது.

மாவட்டத்தைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டினால் நமக்கு மூச்சு முட்டும் என்று நாமே நம்மைக் கேலி செய்துகொள்வது உண்டென்றாலும், ஒரு மாவட்டத்துக்கென்று தனி மனம் இருப்பதாக நான் நம்புவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்ததைக் கண்டவர்களுக்கும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துத் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் கரையில் நின்றவர்களுக்கும் அச்சத்தின் காரணம் கண்ணெதிரே இருந்தது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதன் பிறகு காற்று சற்று வலுத்தாலே வானிலை அறிக்கையைத் தேடுகிற ஒரு பெண்ணின் செயலை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த அச்சத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது: அறிக்கையைக் கேட்பது, படகைக் கரையிலேயே நிறுத்தச் சொல்வது. (வேலை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்காகத் தணியாதவர்களும் கரையில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியான சிகிச்சை வேண்டும்.) உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என நான்கைச் சொல்கிறது. நான்கும் அஞ்சுகிறவனுக்கு வெளியே இருப்பவை, விலகிப் போகக் கூடியவை. உங்கள் வீட்டில் விலகுவதற்கு எதுவும் இல்லை. சிலிண்டர் அடைத்துத்தான் இருக்கிறது.

உடல் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கியதுபோல, ஆபத்தை உணர்ந்த உடல் சண்டையிடவோ ஓடவோ ஆயத்தமாகிறது: அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, ரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது. செல்பேசியில் அறியாத எண் மின்னும்போதும் இதே ஆயத்தம் நடக்கிறது. சண்டையிட ஆளும் இல்லை, ஓட இடமும் இல்லை என்பதால் அது நெஞ்சிலும் வயிற்றிலும் தங்கி, கேஸ் என்ற பெயரில் நம்மை ஓமத் தண்ணீர் குடிக்க வைக்கிறது. ஆனாலும் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தது சரியான காரியம். நெஞ்சுவலியை வெறும் பதற்றம் என்று யாரும் தாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது.

பாதி வழியில் திரும்பி வந்து அடைப்பானைத் தொட்டுப் பார்க்கிற கணத்தில் உங்களுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது அல்லவா, பதற்றத்துக்கு உணவே அந்த ஆறுதல்தான். உளவியலாளர் ஹோபர்ட் மௌரர் 1947இல் இதை விளக்கினார்: அஞ்சும் ஒன்றைத் தவிர்த்ததும் மனம் இலேசாகிறது, இலேசானதால் அடுத்த முறையும் தவிர்க்கத் தோன்றுகிறது, தவிர்த்துக்கொண்டே இருப்பதால் அஞ்சியது நடக்காது என்று கண்டுகொள்ளும் வாய்ப்பே மனத்துக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: மாதம் தவறாமல் வட்டியைக் கட்டுகிறீர்கள், முதல் அப்படியே நிற்கிறது.

இதற்கு அடுத்த பகுதியைத்தான் நம் குடும்பங்கள் காண மறுக்கின்றன. பதற்றமுள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் மற்ற எல்லாருடைய நேரமும் அவரைச் சுற்றி ஒழுங்குபடுத்தப்படுகிறது. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு, இருட்டுமுன் வந்துவிடு, மழையென்றால் போகாதே என்று வீடு முழுவதும் சேர்ந்து ஒருவரின் பதற்றத்தைச் சுமக்கிறது. சுமக்க மறுப்பவருக்குப் பாசமில்லாதவர் என்ற பெயர். உங்கள் அம்மாவின் பத்து நிமிடக் கணக்கைப் பாசமென்றே எல்லாரும் சொல்வார்கள், அது பாசமும்தான். ஆனால் அதற்கு உடனுக்குடன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவியின் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடல் கூப்பிடு தொலைவில் இருந்தும் நீச்சல் தெரியாமல் வளரும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன். தண்ணீருக்கு அஞ்சி விலக்கியே வளர்க்கப்பட்ட பிள்ளைக்குத்தான் தண்ணீரில் ஆபத்து அதிகம்.

வெளியில் பதற்றம் பெரும்பாலும் பதற்றமாகவே தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு அஞ்சிக் கல்யாணத்துக்குப் போகாதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்கிறார்கள். பிழை வந்துவிடுமோ என்று ஒரே கோப்பை நாள்கணக்கில் வைத்திருப்பவரைச் சோம்பேறி என்கிறார்கள், சில அலுவலகங்களில் அவரையே பொறுப்பானவர் என்றும் சொல்கிறார்கள். நம் ஆண்களில் பலருக்கு அது சினமாக வெளிவருகிறது. பிள்ளை தாமதமாக வந்தால் முதலில் கிடைப்பது அடிதான். குடித்து அடக்குகிறவர்களும் உண்டு. அன்றிரவு அடங்கும், மறுநாள் காலையில் போதை இறங்கும்போது இரட்டிப்பாகத் திரும்பும்.

இயல்பா, நோயா என்ற கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் கோடு கிடையாது. பெரும்பாலான நாள்களில் கட்டுக்கடங்காத கவலை 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, தூக்கத்தையோ வேலையையோ உறவையோ கெடுத்தால் மருத்துவர்கள் அதைச் சிகிச்சைக்கு உரியதாகக் கருதுகிறார்கள். பதவி உயர்வையே விட்டுவிட்டீர்கள் என்பதால் நீங்கள் போய்ப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் முதலில் தொலைபேசியிலேயே பேசலாம். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லக்கூடும். அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தருவது. மருந்துகளில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாள்தோறும் எடுத்துச் சில வாரங்களுக்குப் பின் பலன் தெரியும் மருந்துகள் பொதுவாக மூளையை மழுக்குவதில்லை, ஆனால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போல உடனே அமைதி தருபவை பழக்கமாகிவிடக் கூடியவை. உங்கள் நண்பர்கள் சொல்லும் மந்தம் பெரும்பாலும் இவற்றால் வருவதே. யாரோ சாப்பிட்ட சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

மகளைப் பற்றி. பதறும் இந்த இயல்பு ஓரளவு பிறப்பிலேயே வரும். மீதியைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கற்கிறார்கள். பையைத் திறக்காதே என்று அதட்ட வேண்டாம், எல்லாம் இருக்கிறது என்று நீங்களே பார்த்து உறுதி சொல்லவும் வேண்டாம். மாலையில் ஒரு முறை அவளே அடுக்கட்டும், பிறகு அந்தப் பேச்சே வேண்டாம். என்றைக்காவது ஒரு நோட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போவாள். அதை எடுத்துக்கொண்டு பைக்கில் பள்ளிக்கு விரையாதீர்கள். டீச்சர் திட்டுவார், அவள் ஒருவேளை அழுவாள், மறுநாளும் பள்ளிக்குப் போவாள்.