கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தால்: கேள்வி பதில்

கண்ணில் அடிபடுவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கண் சீரமைப்பு அறுவை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா: டாக்டர், பையனுக்குப் பத்து வயசு. நேத்து சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இன்னொரு பையனோட முழங்கை கண்ணுக்குக் கீழே பட்டுடுச்சு. கண் சிவக்கவே இல்லை, வீக்கமும் இல்லை. ஆனா ராத்திரியிலிருந்து வாந்தி. மேலே பார்க்கச் சொன்னா தலையைத் தூக்கிப் பார்க்கிறான். வாந்திக்கு மாத்திரை கொடுத்திருக்காங்க. ரெண்டு நாள் பார்க்கலாமா?

வேண்டாம் அம்மா, இதைப் படித்ததும் கிளம்புங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையோ ஸ்டான்லியோ, எது பக்கமோ அங்கே போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் வழியில் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

பெரியவர்களுக்குக் கண்ணின் அடித்தள எலும்பு, அதாவது கண்குழியின் தரை, நொறுங்கிவிடும். பிள்ளைகளுக்கு அது வளையும். எலிப்பொறிக் கதவு மாதிரி ஒரு கணம் திறந்து, கண்ணைக் கீழே இழுக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். அதனால்தான் மேலே பார்க்க முடிவதில்லை. சிக்கிய தசை இழுபடும்போது நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறையும். வாந்தி, மயக்கம் வரும். தலையில் அடி என்று நினைத்து ஏமாறும் இடம் இதுதான். தலையையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "பையனால் மேலே பார்க்க முடியவில்லை." தசை சிக்கியிருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் விடுவிப்பது நல்லது. தாமதித்தால் ரத்த ஓட்டம் இல்லாமல் தசை வீணாகி, இரட்டைப் பார்வை நிரந்தரமாகிவிடலாம். கண் கறுத்து வீங்கிய பிள்ளையைவிட, வீக்கமே இல்லாமல் வாந்தி எடுக்கும் பிள்ளைதான் எனக்குப் பயம்.

காசிமேடு: படகில் கயிறு அறுந்து வீட்டுக்காரர் முகத்தில் அடிச்சுது. எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா கன்னமும் மேலுதடும் மரத்துப் போயிருக்கு. நேத்து மூக்கு சிந்தினாரு, பொசுக்குனு கண் வீங்கிடுச்சு. தொட்டா நறநறன்னு இருக்கு.

எக்ஸ்ரேயில் இல்லை என்பதால் முறிவே இல்லை என்றாகாது. இந்த எலும்புக்கு சிடி ஸ்கேன்தான் வேண்டும், அதுவும் மெல்லிய துண்டுகளாக, முன்புறத் தோற்றத்தில் எடுத்தது. கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு கண்ணின் அடித்தளம் வழியாகத்தான் போகிறது. மரத்துப் போனதே முறிவுக்கு ஒரு அடையாளம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும்.

நறநறப்பது காற்று. பக்கத்திலுள்ள சைனஸ் என்ற காற்றறையில் இருந்து முறிவு வழியாக ஏறியிருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஐஸ் பெட்டி தூக்குவதும் இப்போதைக்கு வேண்டாம்.

ராயபுரம், பாக்சிங் பயிற்சியாளர்: எங்க பையன் ஒருத்தனுக்கு சிடியில அடித்தளம் உடைஞ்சிருக்கு. ஒரு டாக்டர் ஆபரேஷன்ங்கிறார், இன்னொருத்தர் பத்து நாள் பொறுங்கிறார். யாரை நம்புறது? எலும்பு உடையுது, கண் மட்டும் எப்படித் தப்புது?

ரெண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 1957-ல் ஸ்மித், ரீகன் என்ற மருத்துவர்கள் இறந்த உடலின் கண்மேல் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். அடித்தளம் உடைந்தது, கண் விழி தப்பியது. அந்த எலும்பு சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். மூக்குப் பக்கச் சுவர் அதைவிட மெல்லிசு. அது உடைந்து வழிவிடுவதால் கண்ணுக்குள் அழுத்தம் குறைகிறது. ஆனாலும் விழியைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

இரண்டு டாக்டர்களும் சரியாகவே சொல்லியிருக்கலாம். பெரியவர்களுக்குத் தசை சிக்காதபோது வீக்கம் வடியும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், பொறுப்பது வழக்கம். பல பேருக்கு இரட்டைப் பார்வை தானாகப் போய்விடும். போகாவிட்டாலோ, கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கினாலோ, அடித்தளத்தில் பாதிக்கு மேல் போயிருந்தாலோ ஆபரேஷன் பேச்சு வரும். வீக்கம் இருக்கும்போது கண் உள்வாங்கியது தெரியாது, அதனால் பார்வைக்கு நல்லா இருக்கான் என்று விட்டுவிடாதீர்கள். பொதுவாகக் கீழிமையின் உட்புறம் கீறி டைட்டானியம் வலையோ வேறு தகடோ வைப்போம். வெளியே தழும்பு தெரியாது. ரிங்கில் இறங்குவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம் மாஸ்டர். அறுவை மருத்துவர் அனுமதிக்கட்டும்.

கொருக்குப்பேட்டை: மஞ்சள் பத்து போடலாமா?

வேண்டாம். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், அழுத்தாமல். தலையைச் சற்று உயர்த்திப் படுத்தால் போதும்.

மணலி, லாரி டிரைவர்: எதைப் பார்த்தா ராத்திரின்னு பார்க்காம ஓடணும்?

பார்வை மங்கிக்கொண்டே போவது, கண் வெளியே தள்ளி இறுகுவது, தாங்காத வலி. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் பார்வை நரம்பு நசுங்கும். கடைக்கண்ணைக் கீறி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் கைவசம். சிடிக்குக்கூடக் காத்திருக்க மாட்டோம். கருமணி கோணலாகத் தெரிந்தால் விழியே கிழிந்திருக்கலாம். சொட்டு மருந்து விடாமல், தொடாமல், அழுத்தாத ஒரு மூடி வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: அடிதடியில பட்டது. ஆஸ்பத்திரி போனா போலீஸ் கேஸ் ஆகுமேன்னு கீழே விழுந்ததா சொல்லலாம்னு இருக்கேன்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவார்கள் தம்பி, அது நடைமுறை. அதற்காக அவசர சிகிச்சை நிற்காது. ஆனால் கை பட்டதா, பாட்டிலா, இரும்பா என்பதை மறைக்காதீர்கள். இரும்புத் துணுக்கு உள்ளே இருப்பது தெரியாமல் எம்ஆர்ஐ எடுத்தால், காந்தம் இழுத்து அது நகர்ந்து விழியையே கிழித்துவிடலாம்.