வட்டார மருத்துவ ஆய்விதழை வெளியுலகின் கண்ணில் படவைப்பது எப்படி?

கேள்வி: பல ஆண்டுகளாக வெளிவரும் எங்கள் வட்டார மருத்துவ ஆய்விதழில் தரமான கட்டுரைகள் வருகின்றன. ஆனால் யாரும் படிப்பதாகவோ மேற்கோள் காட்டுவதாகவோ தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தேடினால் கிடைக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். இதே போன்ற ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். சேர்ந்த புதிதில், எங்கள் கட்டுரைகள் பத்தின் தலைப்புகளை எழுத்து பிசகாமல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் இட்டுப் பார்த்தேன். இரண்டுதான் வந்தன. அவையும் எழுதியவர்கள் தாங்களாகவே வேறு தளங்களில் ஏற்றியவை. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவர் மூன்று ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியதை நாங்கள் அச்சிட்டுப் புதைத்துவிட்டிருந்தோம்.

காரணம் சாதாரணமானது. ஒவ்வோர் இதழையும் முழுதாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் கோப்பாகப் போட்டிருந்தோம். தேடுபொறிக்கு அது வெறும் படம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரி வேண்டும். ஆய்வுச் சுருக்கம் கடவுச்சொல் கேட்காமல் திறக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பு எழுத்துகளைத் தேடக்கூடியதாகவும் 5 எம்பிக்குள்ளும் இருக்க வேண்டும். தலைப்பு, எழுதியவர் பெயர், தேதி ஆகியவை பக்கத்தின் மெட்டாடேட்டாவில், அதாவது தேடுபொறி படிப்பதற்கான விவரக் குறிப்பில், பதிந்திருக்க வேண்டும். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருள் இவற்றில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது டிஓஐ எண், அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாள எண். இந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக எண்ணை வாங்கியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கட்டுரையின் மேற்கோள் பட்டியலையும் சுருக்கத்தையும் அங்கே சேர்த்துப் பதியுங்கள். தளத்தின் முகவரி மாறினால் அதையும் அங்கே மாற்றுங்கள். இல்லாவிட்டால் டிஓஐ இணைப்பு வெற்றுப் பக்கத்துக்குத்தான் போகும்.

இதழ்களின் கட்டுரைகளைத் திரட்டித் தேடித்தரும் அட்டவணைகளைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் கனவு பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளம்தான். அதற்குள் நுழையும் முக்கிய வழிகளான மெட்லைன் அட்டவணை, பிஎம்சி என்ற முழுக்கட்டுரைக் காப்பகம் இரண்டிலும் தேர்வு கடுமை; சொன்ன தேதியில் இதழ் வராத பழக்கம் இருந்தால் விண்ணப்பிக்கவே வேண்டாம். முதலில் டிஓஏஜேவுக்குப் போங்கள். 2003இல் தொடங்கிய இந்தத் திறந்த அணுக்க (யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய) இதழ்ப் பட்டியல் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் உரிமம், மதிப்பாய்வு முறை, கட்டுரையாளர்களிடம் பெறும் கட்டணம் எல்லாம் தளத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் குளோபல் இண்டெக்ஸ் மெடிக்கஸ் பலருக்குத் தெரிவதே இல்லை. உலகின் வெவ்வேறு பகுதிகளுக்கான மருத்துவ அட்டவணைகளை அது ஒன்றாகத் தொகுக்கிறது. உங்கள் பகுதிக்கான அட்டவணையில் இடம்பெற முயலுங்கள். ஒரு கேள்வி குறித்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி அலசும் முறைசார் மதிப்பாய்வு எழுதுகிறவர்கள் பெரிய இதழ்களுக்கு வெளியே உள்ள தரவுகளை அங்கேயும் தேடுகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 'எங்களுடையது வட்டார இதழ்தானே' என்று தயங்கி, கட்டுரைத் தலைப்பிலிருந்து இடப்பெயரை நீக்கிவிடும் ஆசிரியர் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய தவறு. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல்தான் உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஓரிடத்தில் நன்றாக வேலை செய்யும் நச்சுமுறிவு மருந்து வேறோர் இடத்தில் அவ்வளவாகப் பலன் தராமல் போகலாம். அப்படியானால் நூறு நோயாளிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையின் மதிப்பே அந்த இடத்தில்தான் இருக்கிறது. தலைப்பிலேயே நோய், இடம், ஆய்வு முறை மூன்றையும் சொல்லுங்கள். 'ஓர் ஆய்வு', 'எங்கள் அனுபவம்' என்று முடியும் தலைப்புகளை யாரும் தேடப்போவதில்லை. சுருக்கத்தில் எண்கள் இருக்கட்டும். அந்தப் பகுதி மக்கள் பேசும் மொழியிலும் ஒரு பத்திச் சுருக்கம் கொடுங்கள். ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

இம்பாக்ட் ஃபேக்டர் பின்னால் ஓடாதீர்கள். முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களைக் கொண்டு கணக்கிடப்படும் எண் அது. ஆண்டுக்கு முப்பது கட்டுரை போடும் இதழில் ஒரே ஒரு கட்டுரை அதை ஏற்றிவிடும், இறக்கிவிடும். பணம் வாங்கிக்கொண்டு அதே சாயலில் ஓர் எண்ணைத் தரும் நிறுவனங்கள் உண்டு. அந்த முத்திரையைத் தளத்தில் போட்டால் விவரமறிந்த கட்டுரையாளர்கள் உங்களிடம் வரமாட்டார்கள். 'எங்கள் இதழிலிருந்து நான்கு கட்டுரைகளை மேற்கோள் காட்டுங்கள்' என்று கட்டுரை அனுப்புகிறவர்களை வற்புறுத்துவது அதைவிட மோசம். அது ஆய்வு நெறிக்கே முரணானது.

பழைய இதழ்களை மறந்துவிடாதீர்கள். நாங்கள் கடைசி ஐந்தாண்டுகளில் தொடங்கிப் பின்னோக்கிப் போனோம். கட்டுரை கட்டுரையாகப் பிரித்து ஏற்ற, இருவருக்கு ஏழு மாதங்கள் ஆயின. வேலை முடிவதற்குள்ளாகவே, பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய எங்கள் கட்டுரை ஒன்றின் மூலத் தரவு கிடைக்குமா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதிய மருத்துவர் ஓய்வுபெற்றிருந்தார். அவரைத் தேடிப்பிடித்தோம், பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்.