நெட்டையாப் போற சக்குலென்ட்: கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, வைகாசியில வாங்குன எச்சிவேரியா, இலையில தண்ணி சேத்து வைக்கிற சக்குலென்ட் செடி. வடக்கு ஜன்னல்ல அடுக்கா அழகா இருந்துச்சு. ஐப்பசிக்குப் பொறவு காம்பு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, சாஞ்சு நிக்கு. தண்ணி பத்தலையா?

தண்ணி இல்லம்மா, வெளிச்சம். ஜன்னல் அங்கனயேதான் இருக்கு, சூரியன் மாறிட்டு. நம்ம ஊருக்குச் சித்திரை பொறந்ததுலேருந்து ஆவணி பாதி வரைக்கும் உச்சிச் சூரியன் வடக்க நிக்கும். அதுக்கு மேல தெக்க சாஞ்சிரும். கூடவே வடகிழக்குப் பருவ மேகம் வேற. வெளிச்சம் கொறஞ்சா ஆக்சின்ங்கிற ஹார்மோன் தண்ட இழுத்து நீட்டிரும்.

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது, வெட்டத்தான் வேணும். மழை ஓயட்டும், தையில செய்யுங்க. தலைய ரெண்டு அங்குலக் காம்போட வெட்டி, நிழல்ல நாலஞ்சு நாள் போட்டு வைங்க. வெட்டுவாய் காஞ்சு தோல் கட்டுன பொறவு ஊனுங்க. ஒரு வாரம் கழிச்சுத்தான் தண்ணி. அடிக்கட்டையத் தூரப் போட்டுராதீங்க, நாலு இலையோட விட்டா கணுவுல குட்டி வெடிக்கும். ஒடிஞ்ச இலையையும் மண்ணு மேல சும்மா போட்டு வைங்க, பாதியாவது வேர் விடும்.

வேர் பிடிச்சதும் ஒரே நாள்ல தட்டட்டி (மொட்டை மாடி) வெயில்ல தூக்கி வச்சிராதீங்க. இலை வெந்துரும். மொதல்ல காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டணும்.

நெல்லை டவுண்: வளவு வீடு, தார்சாவுல வெயிலே எட்டிப் பாக்காது.

எச்சிவேரியாவ மறந்துருங்க. ஹவொர்த்தியாங்கிற சின்னச் சக்குலென்ட், பாம்புச்செடி ரெண்டும் தாங்கும். மனசு கேக்கலன்னா 6500 கெல்வின் (வெள்ளை வெளிச்சம்) எல்.இ.டி. டியூப்ப ஒரு அடி உயரத்துல கட்டி, 12 மணி நேரம் எரிய விடுங்க.

வள்ளியூர்: யூரியா போட்டா தண்டு தடிக்குமா?

போடாதீய. இன்னும் நீளும்.

அம்பாசமுத்திரம்: வெறும் ஆத்து மணல்ல ஊனலாமா?

வண்டல் கலந்திருந்தா இறுகிப் போகும். பட்டாணி அளவு செங்கல் உடைசல் ரெண்டு பங்கு, மண்ணு ஒரு பங்கு, மக்குன எரு ஒரு பங்கு. உடைசல்ல தூசியச் சலிச்சிருங்க.

உடன்குடி: செங்கலாம் செங்கல்! எங்க தேரி மணல விட வடியுற மண்ணு உண்டா ஓய்? பனையே நிக்கு.

பனை நிக்குறது தரையில ஓய், நாலு அங்குலத் தொட்டியில இல்ல. தேரி காத்து சலிச்சுக் குவிச்ச மணல், பருக்கை பொடிசு. ஆழமாக் கெடந்தா தண்ணி எறங்கிரும். சின்னத் தொட்டியில அதே மணல் அடியில ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும்.

உடன்குடி: எங்க வீட்டுக் கத்தாழை வெறும் தேரியில அஞ்சு வருசமா இருக்கே?

தொட்டியிலயா, கொல்லையிலயா?

உடன்குடி: கொல்லையில.

சரி.

களக்காடு: அப்போ தேரியும் செங்கலும் கலந்தா?

கலக்கலாம், உடைசல் பாதிக்கு மேல இருக்கட்டும். ஆனா மண்ண மாத்துனா நெட்டை போகாது! இன்னைக்குப் பேச வந்தது வெளிச்சம்.

தென்காசி: சாரல் நேரத்துல நீளுது.

மேகம்தான். தண்ணியக் கொறைங்க, சாரல் படாம மேல வெளிச்சம் விடுற மறைப்புப் போடுங்க.

சங்கரன்கோவில்: என் எச்சிவேரியாவும் நெட்டையா...

மொத பதில்.

நாங்குநேரி: ஜேட் செடி ரெண்டடி வளந்துட்டு. இதுவும் நோயா?

கணு நெருக்கமா இருந்தா அது வளர்ச்சி. தண்டு செவப்பா, இலை பொடிசா இருந்தா அது போர்ட்டுலகேரியா. நெசமான ஜேட் இல்ல, ஆனா கடையில ஜேட்டுன்னுதான் விப்பாவ. நுனியக் கிள்ளுங்க, பக்கக் கிளை வரும்.

முக்கூடல்: கொம்புக்கள்ளியையும் இப்படி வெட்டலாமா?

வெட்டலாம். பால் கண்ணுல பட்டா ஆபத்து. கையுறை போடுங்க, பிள்ளையள அண்ட விடாதீங்க.

மேலப்பாளையம்: நெட்டையா இருக்கேன்னு எச்சிவேரியாவ இன்னைக்குக் காலையிலதான் தட்டட்டியில கொண்டு வச்சேன்.

மத்தியானத்துக்குள்ள எறக்கிருங்க.