ஆடி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு: சுகாதாரக் கேள்வி பதில்

கனடா, சுவிஸ், லண்டன், அவுஸ்திரேலியா என்று பல இடங்களில் இருந்தும் பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வரப்போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தக் கரையில் பி.எச்.ஐ. ஆக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரர்களில் பலர் தடுப்பூசி போட்டு, காப்புறுதி எடுத்து, நுளம்பு மருந்தோடு வந்து இறங்குகிறார்கள். நம்மவர்கள் ‘நம்மட ஊர்தானே’ என்று அப்படியே வந்துவிடுகிறார்கள். பல வருடம் குளிர்நாட்டில் இருந்த உடம்புக்கும், அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் இது புது ஊர்தான். என் கவலையெல்லாம் அதுதான்.

டொரன்டோவில் இருந்து ஒரு தங்கச்சி: மலேரியா மாத்திரை எடுக்க வேண்டுமா? வேறு என்ன ஊசி போட வேண்டும்?

மலேரியா மாத்திரை வேண்டாம், தங்கச்சி. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது. ஹெப்படைட்டிஸ் ஏ, நெருப்புக்காய்ச்சல் இரண்டுக்கும் ஊசி போடுங்கள். ஏற்பு ஊசியும் பிள்ளைகளின் சின்னமுத்து ஊசியும் சரியாகப் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே குடும்ப டொக்டரிடம் போனால்தான் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பது அந்த நோய் உள்ள ஆபிரிக்க, தென் அமெரிக்க நாடுகளில் இருந்து வருகிறவர்களிடம் மட்டும்.

சூரிச்சில் இருந்து ஒரு தம்பி: டெங்கு என்றால்தான் பயமாக இருக்கிறது அண்ணன். போன முறை மகனுக்குக் காய்ச்சல் வர, கொண்டுவந்த ஐபுப்ரூஃபன் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. இந்த முறையும் கொண்டு வரலாமா?

வேண்டாம் தம்பி. அன்றைக்கு மகனுக்கு வந்தது டெங்குவாக இருந்திருந்தால் நிலைமை வேறு. டெங்குவில் இரத்தத் தட்டுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஐபுப்ரூஃபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் மாதிரி மருந்துகள் வயிற்றுக்குள் இரத்தம் கசிய வழி செய்துவிடும். காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும். பெரியவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து டொக்டர் சொல்கிற அளவு. நெஞ்சு வருத்தத்துக்காக டொக்டர் எழுதித் தந்த அஸ்பிரின் எடுக்கிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்த உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம், நான்காம் நாள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லாரும் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுவார்கள். டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களில் இருந்து நீர் வெளியே கசிந்து, இரத்த அழுத்தம் விழுகிற நேரம் அது. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் இரவோ பகலோ பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கல்முனையிலும் அம்பாறையிலும் பெரிய அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன. காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளில் விடவில்லை என்றால், மூன்றாம் நாளே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குடிக்கக் கஞ்சி, இளநீர், ஜீவனி (பக்கற்றில் வருகிற உப்புச் சீனிக் கரைசல்) கொடுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம். வாந்தியில் வருவது இரத்தமா பானமா என்று டொக்டருக்குத் தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், தயவு செய்து.

இன்னொன்று. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற உங்கள் வீட்டைப் பற்றி யோசித்தீர்களா? கூரைப் பீலியில் தேங்கிய தண்ணீர், மலசல கூடத் தொட்டி, மூடி இல்லாத தாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கிற சின்னத் தட்டு என்று எல்லாமே டெங்கு நுளம்புக்கு வசதியான இடங்கள். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழைக்குப் பொரித்துவிடும். தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவ வேண்டும். நீங்கள் வர ஒரு வாரம் முன்பே சொந்தக்காரர்களிடம் சொல்லி இதைச் செய்து வையுங்கள். இந்த நுளம்பு பகலில், கூடுதலாகக் காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் கடிக்கும். அதனால் பகலில் தூங்குகிற குழந்தைக்கும் வலை கட்ட வேண்டும். சன் கிரீம் பூசுகிறவர்கள் அதை முதலில் பூசி, அதற்கு மேலே நுளம்பு மருந்து பூசுங்கள்.

லண்டனில் இருந்து ஒரு மகள்: அம்மம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா அங்கிள்? மறுகா, மீன் தயிர் எல்லாம்?

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகு கொடுங்கள், மகள். நம்மட கரையோரம் மணல் நிலம். மலசல கூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் குறைந்த வளவுகள் எத்தனையோ இருக்கின்றன. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற தண்ணீரிலும் கிருமி இருக்கும். ஐஸ் எங்கே செய்தது என்று தெரியாவிட்டால் அதுவும் வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிப் பக்கற் ஒன்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றை ஒரு கிளாஸில் கரைப்பது சரியில்லை, உப்பின் அளவு பிழைத்துவிடும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மலத்தில் இரத்தம் போனாலோ, பிள்ளை குடிப்பதை நிறுத்தினாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

சட்டித் தயிர் தாராளமாகச் சாப்பிடலாம், சட்டி மூடி இருந்து, புதிதாக இருந்தால். மீனில்தான் கவனம். சூரை, கெலவல்லா மாதிரி மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துப் பயந்து போகிறார்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மீன் வாங்கும்போது ஐஸில் கிடந்ததா என்று பாருங்கள். வாங்கியதை வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள்.

சிட்னியில் இருந்து ஒரு அம்மா: மகளுக்கு நாய் என்றால் உயிர். ஊரில் தெருநாய்கள் நிறைய என்கிறார்களே?

மகளுக்கு இதை மட்டும் வரும் முன்பே சொல்லிக் கொடுங்கள்: நாயோ பூனையோ குரங்கோ பிறாண்டினால், அது சின்னக் கீறலாக இருந்தாலும், அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா ஏச மாட்டார். பிள்ளைகள் பேச்சுக்குப் பயந்து மறைத்துவிடுகிறார்கள். நீர்வெறுப்பு நோய் அறிகுறி காட்டிய பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். அதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பாதீர்கள். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், ஊசி அங்கே இருக்கிறது. வீட்டு நாய்தானே என்று விட்டுவிடவும் கூடாது.

பாரிஸில் இருந்து ஒரு ஐயா: எனக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறேன். வெயிலில் எப்படிச் சமாளிப்பது?

இன்சுலினும் டொக்டரின் கடிதமும் கைப்பையில் வரட்டும் ஐயா. பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அனலாக வீசும், நிறுத்திய வாகனத்துக்குள் மருந்தை வைத்துப் போக வேண்டாம். மின்சாரம் இல்லாத நேரம் பழைய வழி ஒன்று உதவும்: பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, மருந்தை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். சப்பாத்து இல்லாமல் கோயில் வீதியில் நடக்கும்போது கால் சுட்டுக் கொப்பளிப்பது சீனி உள்ளவர்களுக்குத் தெரியாமலே நடந்துவிடும். இரவில் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். இருக்கிற வருத்தத்தை எல்லாம் காப்புறுதிப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒஸ்லோவில் இருந்து ஒரு தம்பி: திருக்கோவில் ஊர்ப் பக்கம் அப்பாவின் வயலைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பாம்பு பயமா?

பாம்பும் எலிக்காய்ச்சலும் இரண்டும் இருக்கிறது. மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, பொழுது பட்டால் டோர்ச். காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. சேற்றில் இறங்கத்தான் வேண்டும் என்றால், முன்பே அந்தப் பகுதி பி.எச்.ஐ.யைக் கேளுங்கள், தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், வெட்டாமல், உறிஞ்சாமல், காலை அசைக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். இரவில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள் வலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் கடித்தது தூக்கத்தில் தெரியாமலே போகலாம்.

மெல்பேர்னில் இருந்து ஒரு மருமகன்: பாசிக்குடாவும் அறுகம்பையும் போகிறோம் மாமா, நீச்சல் எல்லாருக்கும் தெரியும்.

பாசிக்குடா ஆழம் குறைந்த கடல், பிள்ளைகளுக்கு ஏற்றது. அறுகம்பை அலைச் சறுக்குக்குப் பேர்போன இடம், ஆளைக் கடலுக்குள் இழுக்கிற நீரோட்டமும் (இழுவை) உண்டு. இழுவையில் அகப்பட்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வர வேண்டும். நீச்சல் தடாகத்தில் பழகியவர்களுக்கு இது தெரியாது. குளம், ஆற்றுமுகம், வாவி எதிலும் முதலை உண்டா என்று அந்த ஊர்க்காரரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

பேர்ணில் இருந்து ஒரு அக்கா: கட்டுநாயக்கவில் இரவு இறங்குகிறோம். உடனே வானில் மட்டக்களப்புக்கு வரலாமா?

விடிய விட்டு வாருங்கள் அக்கா. ஹபரணை, மின்னேரியா, வெலிக்கந்தைப் பக்கம் இரவில் யானை றோட்டுக்கு வரும். வாழைச்சேனை தாண்டினால் கட்டாக்காலி மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கும், கறுத்த மாடு லைட் வெளிச்சத்திலும் கடைசி நேரத்தில்தான் தெரியும். உங்களை ஏற்ற வருகிற சாரதியும் பகல் முழுக்க ஓடித்தான் வந்திருப்பார். நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்து எல்லாரும் தூங்குங்கள், சாரதிக்கும் சேர்த்து எடுங்கள். குழந்தையின் கார் சீட் இங்கே வான்களில் கிடைப்பது அரிது, அங்கிருந்தே கொண்டு வாருங்கள்.