மும்பை சோர் பஜார் பழைய பொருள் சந்தையில் வாங்கிய அக்ஃபா ஐசோலெட் மடிப்புக் கேமராவில் முதல் ரோல் மங்கலாக, வெள்ளைப் புள்ளிகளோடு வந்திருக்கிறது. என்ன கோளாறு?

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். புள்ளிகள் துருத்தியில் (லென்ஸுக்கும் கேமரா உடலுக்கும் நடுவே விரிந்து மடியும் கறுப்புப் பை) விழுந்த ஓட்டையால் வருகின்றன, மங்கல் முன் லென்ஸால் வருகிறது. ஐசோலெட்டுக்கு இரண்டுமே பேர்போன வியாதிகள். பொறுமை இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முதலில் துருத்தி. இரவில் விளக்கை அணைத்து, பின்கதவைத் திறந்து, மொபைல் டார்ச்சை உள்ளே பிடியுங்கள். லென்ஸ் பொருத்திய முன்பலகையை லேசாக அசைத்தபடி மடிப்பு மூலைகளை வெளியிலிருந்து பாருங்கள். ஓட்டை இருந்தால் ஊசிமுனை அளவில் மின்னும். நாலைந்து ஓட்டைதான் என்றால் கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட்டைத் தீக்குச்சி முனையால் இரண்டு முறை பூசி, துருத்தியை விரித்தபடியே ஒரு நாள் காயவிட்டு மடியுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம். தடிமனால் துருத்தி மடியாது, மும்பை வெக்கைக்குப் பசையும் இளகி ஒழுகும். எல்லா மூலையும் மின்னினால் புதுத் துருத்திதான் வழி.

அடுத்தது மங்கல். ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகியிருக்கிறதா? அக்ஃபா போட்ட பச்சைக் கிரீஸ் காலப்போக்கில் கோந்தாகிவிடும். அப்போது முன் லென்ஸ் மட்டும் சுழலாமல் நடு லென்ஸையும் சேர்த்து இழுக்கும், தூர அளவெல்லாம் பொய்யாகும். வளையத்தின் ஓரத்தில் உள்ள மூன்று குட்டித் திருகுகளைத் தளர்த்தி வளையத்தை எடுங்கள். முன் லென்ஸின் மரையில் லைட்டர் திரவம் இரண்டு சொட்டு விட்டு ஊறவிடுங்கள். அசையாவிட்டால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்குங்கள், பலவந்தம் கூடாது. லென்ஸ் கழலும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு, தப்பான தொடக்கத்தில் பூட்டினால் ஃபோகஸ் கிடைக்கவே கிடைக்காது.

சுத்தம் செய்து பூட்டியபின் தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். சமமான கண்ணாடித் துண்டில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, பேப்பர் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி பிலிம் உட்காரும் தண்டவாளத்தில் வையுங்கள். மரைன் டிரைவ் சுவரில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை ‘பி’யில் (அழுத்திப் பிடிக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து, லென்ஸின் ஒளித்துளையை முழுதாக விரித்து, எதிரே மலபார் ஹில் கட்டிடங்களை நோக்குங்கள். தலைக்கு மேல் துணி போர்த்தினால் பிம்பம் தெரியும். முன் லென்ஸைச் சுழற்றி, கட்டிட விளிம்பு கூர்மையாகும் இடத்தில் வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்துத் திருகுகளை இறுக்குங்கள்.

எடுக்கும்போது: பின்பக்கச் சிவப்பு ஜன்னல் சிவப்பொளி பதியாத பழைய பிலிமுக்கு ஏற்பட்டது. இன்றைய 120 பிலிமில் சிவப்பும் பதியும். அதனால் ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூடி, நிழலில் சுற்றும்போது மட்டும் எண்ணைப் பாருங்கள். 12 படம் வரும். துருத்தியைத் திறந்த பிறகே பிலிமைச் சுற்றுங்கள். சுற்றிவிட்டுப் பட்டென்று திறந்தால் உள்ளே காற்று இழுத்துப் பிலிம் வளையும், அதுவும் மங்கல்தான். திறக்கும்போது பலகையைக் கையால் தாங்கி மெதுவாக விடுங்கள்.

100 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) பிலிமுக்கு நல்ல வெயிலில் ஒளித்துளை எஃப் 11, ஷட்டர் வேகம் 1/200 நொடி. கனத்த மேகமூட்டத்தில் எஃப் 5.6, 1/100. உங்கள் ஷட்டரில் அந்த வேகம் இல்லையென்றால் அடுத்த குறைந்த வேகம். நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. எஃப் 11இல் ஃபோகஸை 10 மீட்டருக்கு வைத்தால் ஏறக்குறைய 5 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டும் தூரம்வரை கூர்மை. செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம், பழைய ஷட்டர் அதில்தான் சிக்கிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் தோல் உறையிலிருந்து எடுத்துவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து லென்ஸில் பூஞ்சையை வளர்க்கும்.