ஃபேட்டி லிவருக்கு எக்ஸோசோம் ஊசி போடலாமா? மிஞ்சிய கேள்விகளுக்குப் பதில்

டர்பனில் கோயில் கூடத்தில் ஃபேட்டி லிவரை, அதாவது கல்லீரலில் கொழுப்பு சேரும் நோயைப் பற்றிப் பேசினேன் இல்லையா, அன்றைக்கு நேரம் போதாமல் நிறைய கேள்விச் சீட்டுகள் மிஞ்சிவிட்டன. செல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து: எக்ஸோசோம் என்பது ஸ்டெம் செல்லேதானா அக்கா?

இல்லை. ஸ்டெம் செல் (பலவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) உட்பட ஏறக்குறைய எல்லாச் செல்களும் வெளியே விடுகிற நுண்பை அது. முடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், உள்ளே புரதங்களும், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற குட்டி மூலக்கூறுகளும். 1980களில் செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்களில் இதைப் பார்த்தவர்கள், செல் வேண்டாததைக் கழித்துவிடுகிறது என்றுதான் நினைத்தார்கள். ஒரு செல்லின் ஆர்என்ஏ இதன் வழியே இன்னொரு செல்லுக்குப் போய் அங்கே வேலை செய்கிறது என்று 2007இல் காட்டிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நுண்பைக்கு உட்கரு கிடையாது, தானாகப் பெருகாது. முழு செல்லைச் செலுத்தும்போது கட்டியாகிவிடுமோ என்று இருக்கும் பயம் இதில் குறைவு.

ஃபீனிக்ஸிலிருந்து: அது கல்லீரலில் அப்படி என்ன செய்கிறது?

ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும்தான் போய்ச் சேரும், மற்ற உறுப்புகளுக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு இது தலைவலி, நமக்கு வசதி. தொப்புள்கொடி, எலும்பு மஜ்ஜை, கொழுப்புத் திசு ஆகியவற்றின் ஸ்டெம் செல்களிலிருந்து எடுத்த நுண்பைகளை எலிகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல் கொழுப்பும் வீக்கமும் குறைந்தன, பல ஆய்வுகளில் வீக்கத்தால் கல்லீரலுக்குள் விழும் தழும்பும் குறைந்தது.

ஆனால் எந்த எலி என்று கேளுங்கள். சில ஆய்வுகளில் மெத்தியோனின், கோலின் என்ற சத்துகள் இல்லாத தீனி போட்டு நோயை வரவழைக்கிறார்கள். அந்த எலி மெலிந்துபோகும். நம் ஆட்களுக்கோ பெரும்பாலும் தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்தேதான் இந்த நோய் வருகிறது. அந்த எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று எப்படிச் சொல்வது?

டோங்காட்டிலிருந்து: ஒரு கிளினிக்கில் எக்ஸோசோம் ட்ரிப் ஏற்றுகிறார்களாம், அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

வேண்டாம் தம்பி. தயவுசெய்து போகாதீர்கள். எக்ஸோசோம் ஏற்றிக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்ததால் 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பொது எச்சரிக்கையே விட்டது. எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, எப்படிச் சுத்தம் செய்தது, டோஸை நுண்பைகளின் எண்ணிக்கையில் சொல்வதா புரத எடையில் சொல்வதா என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த முறை இல்லை. ஒரே கூடத்தில் இரண்டு முறை தயாரித்தாலே வித்தியாசம் வரும். அப்படியிருக்க அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யார் உறுதி சொல்வார்கள்?

லெனேசியாவிலிருந்து: அப்படியானால் மருந்தே இல்லையா?

இருக்கிறது. தழும்பு ஓரளவு முற்றியும் சிரோஸிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிக் கெட்டியாகும் நிலை) ஆகாதவர்களுக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாக்ளுடைட் ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. இவற்றோடும் எடைக் குறைப்பு வேண்டும். நூறு கிலோ இருப்பவர் ஏழிலிருந்து பத்து கிலோ இறக்கினால் கல்லீரல் வீக்கம் நன்றாகவே தணியும். இன்றைக்கு எந்த நுண்பையிடமும் இந்த அளவுக்கு மனிதரில் நிரூபணம் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: நான் ஒல்லி, குடிப்பதும் இல்லை, ஸ்கேனில் கிரேடு 2 என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

தெற்காசிய உடல்வாகில் எடை கூடாமலே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், அதனால் ஒல்லிக்கும் வரும். ஸ்கேனில் போடும் கிரேடு கொழுப்பின் அளவு மட்டும்தான். ஆளைப் படுக்கவைப்பது தழும்பு. உங்கள் வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கை நான்கையும் வைத்து, தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கிடச் சொல்லுங்கள், சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். 1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் நிம்மதி, மேலே போனால் கல்லீரல் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கேளுங்கள். அப்புறம் அந்தக் கூல்டிரிங்க்ஸை இன்றைக்கே நிறுத்துங்கள். சர்க்கரை இல்லாத காபி தாராளமாகக் குடிக்கலாம்.

ஸ்டாங்கரிலிருந்து: நுண்பை ஆய்வில் நானே சேர முடியுமா?

முறையான ஆய்வு கிடைத்தால் சேரலாம். தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்கிறதா, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.